பன்னிரண்டு மணி என்று நான் சொன்னது

கால்வாய்ப் பாசனப் பயிற்சிக்கு என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். தண்ணீரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். மழைக்காலத்தில் ஆறு எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதைத் தவிர அதோடு எனக்கு வேறு சம்பந்தம் கிடையாது. ஆனால் நான் பிறந்தது திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊரில். அந்தப் பக்கத்து உழவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவர்களோடு பேச இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனேன்.

ஒரு கிளைக் கால்வாயில் தண்ணீர் எடுக்கிற இருபது, இருபத்தைந்து பேரை மூன்று நாள் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். பாடம் நடத்தக் கூடாது. அவர்களே தங்கள் கால்வாயைத் தரையில் வரைய வேண்டும், அவர்களே அதில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் வீணாகிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, முறை வைத்து எப்படிப் பங்கிடுவது என்பதை எல்லாம் அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். பங்கேற்புப் பயிற்சி என்று பெயர். நான் பேச்சை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஒதுங்கி நிற்பது எனக்கு நன்றாகவே வந்தது, பயத்தினால். நான் நடத்திய முதல் பயிற்சியில் ஒருவர் மம்பட்டியோடு கூடத்துக்குள் வந்து அதை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று நாளும் தினமும் கொண்டுவந்தார். தோட்டத்திலிருந்து நேராக வருகிறவர், அதைவிட வேறு காரணம் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை, நாற்காலிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது ஐந்தாவது பயிற்சியைப் பற்றி. அந்தக் கிளைக் கால்வாய் பெரிய கால்வாயிலிருந்து ஒரு ஷட்டர் வழியாகப் பிரிகிறது. ஷட்டரை ஒட்டிய தலைப்பகுதியில் ஏத்தன் வாழை கறுகறுவென்று நிற்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் போனதும் ஒரு சின்னக் குன்று குறுக்கே வரும். மேலே ரப்பர்த் தோட்டம். கால்வாய் அதற்கு அடியில் ஏறக்குறைய கால் கிலோமீட்டர் சுரங்கமாகப் போய் மறுபக்கம் வெளியே வரும். அதற்கப்புறம் கடைப்பகுதி. மரவள்ளியும் பயறும், பாதி காய்ந்த வாழையும். கடைப்பகுதிக்குப் பல வருஷமாக ஒழுங்காகத் தண்ணீர் போகவில்லை.

முதல் நாள் பஞ்சாயத்துக் கூடத்தின் தரையில் கோலப்பொடியால் கால்வாயை வரையச் சொன்னோம். தலைப்பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் முதலில் குனிந்தார். அறுபது வயதிருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நீலப் பொடியைத் தாராளமாக அள்ளி ஒரு முழ அகலத்துக்கு இழுத்துக்கொண்டே போனார். குன்று வந்ததும் பொடிக் கிண்ணத்தைக் கடைப்பகுதியிலிருந்து வந்த ஒரு அக்காவிடம் நீட்டினார். ஐம்பது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. தனியாளாக விவசாயம் பார்ப்பவர். அவர் கிண்ணத்தை வாங்கினார், தரையைப் பார்த்தார், கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார்.

"இதுக்குப் பொறவு எனக்கு வரைய ஒண்ணும் இல்ல" என்றார்.

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்? நாங்க குடிச்சா தீத்தோம்?" என்றார் அண்ணாச்சி.

"டனலுக்குள்ள சாக்கு போட்டு அடச்சு வச்சிருக்கது ஆராக்கும்?"

"நான் அடச்சேன்னு நீ கண்டியா?"

இரண்டு பக்கத்து ஆட்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு ஆபீஸில் கற்றுக்கொடுத்த வாக்கியம் ஒன்றுதான் வாயில் வந்தது. "நாளைக்கு நடக்கத்தானே போறோம். நீங்களே பாருங்க, நீங்களே கண்டுபிடிங்க" என்றேன். எப்படியோ அது வேலை செய்தது. உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம், பயிற்சிக்கு என்னோடு வந்திருந்த பாசனத் துறை ஓவர்சியர் என்னிடம் ஒரு வேலை சொன்னார். மறுநாள் அந்தக் கிளையில் தண்ணீர் விட வேண்டிய முறை. நாங்கள் கால்வாய்க்குள் இறங்கி நடக்கப் போவதால், ஷட்டரைத் திறந்து மூடுகிற ஊழியரிடம் நான் பேச வேண்டும். அவரை இங்கே லஸ்கர் என்பார்கள். "நடத்தம் கழிஞ்ஞு ஞான் விளிச்சு பறயாம், அதுவரெ திறக்கருது" என்றார் ஓவர்சியர். நடந்து முடித்துவிட்டு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன், அதுவரை திறக்கக் கூடாது. அவ்வளவுதான் செய்தி.

லஸ்கருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், பணிவாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எத்தனை மணி வரைக்கும் மேடம் என்று கேட்டார். மத்தியானம் அவருக்கு வேறொரு ஷட்டரிலும் வேலை இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஓவர்சியர் கூப்பிடுவார், காத்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. யாராவது கேள்வி கேட்டால் உடனே ஒரு பதில் சொல்லிவிடுவேன்.

"பன்னிரண்டு மணிக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன்.

ஓவர்சியரிடம், சொல்லிவிட்டேன் சார் என்றேன். அதுவும் உண்மைதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷட்டரடியிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். கால்வாய்க்குள் காய்ந்த இலையும் பாசியும் மிதிபட்டன. இருபுறச் சுவரும் இடுப்பளவு. எத்தனை இடத்தில் கரையை உடைத்துக் குழாய் சொருகியிருக்கிறது, எங்கே வெடிப்பு, எங்கே மரவேர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனேன். ஒரு வாழைத் தோட்டத்துக்குப் பின்னால், சுவரில் கையகலத்துக்கு ஒரு ஓட்டையும் அதில் சொருகிய துணியும் கண்டுபிடிக்கப்பட்டன. தோட்டக்காரரும் எங்கள் கூட்டத்தில்தான் இருந்தார். அந்த ஓட்டைக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சண்டை நடந்தது. பதினொரு மணி வாக்கில் ஓவர்சியருக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. நீங்கள் சுரங்க வாய் வரைக்கும் போய்க் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே யாரும் நுழைய வேண்டாம், நான் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கில் போய்விட்டார்.

அப்போதிலிருந்து பொறுப்பு என்னுடையது.

சுரங்க வாய்க்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லோரும் களைத்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் கரையேறி, குன்றைத் தாண்டும் ஒற்றையடிப் பாதையில் மறுபக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு சாயாக்கடை உண்டு, அங்கே காத்திருக்கிறோம் என்றார்கள். கடைப்பகுதி அக்கா மட்டும் போகவில்லை. சுரங்கத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், கையை உயர்த்தினால் கூரை தட்டும். நடுவில் ஒரு வளைவு இருப்பதால் மறுபக்கத்து வெளிச்சம் தெரியாது.

"நான் உள்ள ஏறிப் பாக்கப் போறேன்" என்றார்.

"வேண்டாம்க்கா, சார் ஏற வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"நேத்து நீதானே பிள்ளே சொன்ன? நீங்களே பாருங்க, நீங்களே கண்டுபிடிங்கன்னு?"

அதற்குள் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். "நானும் வாறேன். நான் அடச்சு வச்சிருக்கேன்னு தானே ஊரெல்லாம் சொல்லுத? வா, ரெண்டு பேருமாப் பாப்போம்." அவர்களோடு இன்னும் மூன்று ஆண்கள் இறங்கினார்கள். அக்கா ஒரு மம்பட்டி எடுத்துக்கொண்டார். ஐந்து பேரும் போன் வெளிச்சத்தில் உள்ளே போனார்கள்.

நான் போகவில்லை. இருட்டும் ஈரமும் சேர்ந்த இடத்துக்குள் எனக்குக் கால் நகராது. யாராவது வெளியே நிற்க வேண்டும் அல்லவா என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எல்லோருடைய தண்ணீர்ப் பாட்டில்களையும் ஃபைலையும் வைத்துக்கொண்டு கால்வாய்த் தரையிலேயே நின்றேன். உள்ளே பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வளைவைத் தாண்டிவிட்டார்கள் போலிருக்கிறது, கேட்கவில்லை. பாம்பு இருக்குமோ, கூரை இடிந்து விழுமோ என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியது என் தலையில் ஏறவே இல்லை.

முதலில் கேட்டது சருகுச் சத்தம். யாரோ சருகைக் கூட்டித் தள்ளுவதுபோல மெதுவாக, விடாமல். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த கால்வாய்த் தரையில் ரப்பர் இலைகள் தாமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தன. அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டில், சுள்ளிகள், சுள்ளிகளின் மேல் ஏறி நின்ற எறும்புகள். இலைகளுக்கு அடியில் கருப்பாக ஏதோ நெளிந்தது. யாரோ துணி அலசிய தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது என் செருப்பைத் தொட்டது. குளிர்ந்திருந்தது. அது நிற்காமல் என்னைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் போனது.

அப்போதுதான் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து.

லஸ்கருக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. சுரங்க வாயில் குனிந்து "வெளிய வாங்க! வெளிய வாங்க!" என்று கத்தினேன். என் சத்தம் உள்ளே போய் உடைந்து, ஒரு சொல்லாகக்கூட இல்லாமல் திரும்பி வந்தது. கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது.

உள்ளே போனேன். தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வெளியே நிற்பதற்கும் அதே அளவு பயமாக இருந்தது, அவ்வளவுதான். பாட்டில்களைப் போட்டுவிட்டு, போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனேன். வௌவால் எச்சமும் அழுகிய இலையும் கலந்த நாற்றம். என் மூச்சுச் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. வளைவு வரைக்கும் எத்தனை தரம் திரும்பிப் பார்த்தேனோ தெரியாது. ஒவ்வொரு தரமும் வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது. வளைவில் திரும்பியதும் அது போயே விட்டது.

வளைவுக்கு அப்பால் மூன்று ஆண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சுரங்கம் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. மண்ணும் சகதியும் தேங்காய் மட்டைகளும், நடுவில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய சிமென்ட் பலகையும். கூரையிலிருந்து இடிந்து விழுந்த பலகை அது. அதன்மேல் வருஷக்கணக்கில் வண்டல் சேர்ந்து சுவராகியிருந்தது. கூரைக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்து நகருகிற அளவுக்குத்தான் சந்து.

"மத்த ரெண்டு பேரும் எங்க?"

"அதுல நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிருக்காவ" என்றார் ஒருவர். அப்புறம்தான் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "இதென்ன, வெள்ளம் எப்படி வந்துது?"

எங்கள் ஊர்ப் பேச்சில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், ஆளை அடித்துக்கொண்டு போவதும் வெள்ளம்தான். எந்த வெள்ளம் என்று அன்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் முகமும் டார்ச் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது.

நான் மேட்டில் ஏறி, சந்தில் முகத்தை வைத்துக் கத்தினேன். "அக்கா! ஷட்டரைத் தொறந்துட்டாங்க! திரும்பி வாங்க!"

"இங்க ஒரு துள்ளி இல்லியே பிள்ளே" என்று அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இங்க முட்டு வரைக்கும் வந்தாச்சு! அது நிறைஞ்சா உங்க மேல விழும்! வாங்கக்கா!"

அப்புறம் அண்ணாச்சியின் குரல், மிகவும் நிதானமாக. "என் காலு சிமென்டுக்கு எடையில போய்க் குடுங்கிக் கெடக்கு. எடுக்க வரல்ல."

அந்த நிதானம்தான் என்னை நடுங்க வைத்தது. அந்தச் சந்தில் நுழைய நான் கையை நீட்டினேன் என்றும், பிறகு எடுத்துக்கொண்டேன் என்றும் ஞாபகம். "நீ போ பிள்ளே!" என்று அக்கா கத்தினார். "நாங்க இந்தப் பக்கமா வாறோம். நீ போய் அடைக்கச் சொல்லு!" பின்னாலிருந்து இரண்டு பேர் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பி வரும்போது தண்ணீர் தொடையளவு வந்துவிட்டது. ஒரு தரம் விழுந்தேன். வாய்க்குள் போன தண்ணீர் இரும்புச் சுவையாக இருந்தது.

வெளியே வந்ததும் மறுபடி போன் போட்டேன். நனைந்திருந்தும் அது வேலை செய்தது. இந்தத் தரம் லஸ்கர் எடுத்தார்.

"அடைங்க! ஷட்டரை அடைங்க! உள்ள ஆள் இருக்கு!"

"பந்த்ரண்டு மணி எந்நல்லே மேடம் பறஞ்ஞது?" என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை. தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்த குரல். பன்னிரண்டு மணி என்றுதானே சொன்னீர்கள்? "அடைங்க, அடைங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் ஓடுகிற சத்தமும் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தமும் கேட்டன. அடைத்தாலும், ஏற்கெனவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நிறைந்து நிற்கிற தண்ணீர் வந்துதான் தீரும். அதை நிறுத்த யாராலும் முடியாது.

குன்றின் மேல் ஓடினோம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஏற்றம். சேலை நனைந்து காலைப் பின்னியது. என் கால்களுக்கு அடியில், மண்ணுக்குள், அவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒவ்வொரு அடியிலும் வந்தது. மண்ணை ஓங்கி மிதிக்கவே பயமாக இருந்தது. அவர்கள் வீட்டில் என்ன சொல்வேன், போலீஸ் வருமா, என் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் நினைத்தேன். இரண்டு உயிர் உள்ளே கிடக்கும்போது நான் என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்க விரும்பவில்லை, எழுதிவிடுகிறேன்.

மறுபக்கத்துச் சுரங்க வாயில் கடைப்பகுதி ஆட்கள் கரைமேல் சாயா கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். "என்ன பிள்ளே, இப்படி ஓடி வாற?" என்று கேட்டார்கள். யாரும் வெளியே வரவில்லை என்றார்கள். எங்களோடு ஓடி வந்தவர்கள் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுரங்கத்துக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது.

மெல்லியதாக, ஒரு கை அகலத்துக்கு வந்தது. பிறகு இரண்டு கை அகலம். அந்த இடத்தில் இத்தனை தண்ணீரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும். கரையில் இருந்த ஒருவர் தன்னை அறியாமல் எழுந்து நின்று, "வெள்ளம் வருது" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் அணைந்தது. அந்தத் தண்ணீர் வருகிறதென்றால் உள்ளே அடைப்புக்கு மேல் வழிகிறது என்று அர்த்தம். இத்தனை காலம் கேட்ட தண்ணீர் காலடியில் ஓட, அத்தனை பேரும் அதைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றோம்.

இரண்டு பேர் உள்ளே இறங்கினார்கள். நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் என்கிறார்கள் சிலர், கால் மணி நேரம் என்கிறார்கள் சிலர். கடைசியில் இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் ஆடியது. நான்கு பேராக வந்தார்கள். நடுவில் அண்ணாச்சி, ஒற்றைக் காலில். அவரைத் தாங்கிக்கொண்டு அக்கா. இரண்டு பேருக்கும் நெஞ்சு வரைக்கும் சேறு. அக்காவின் விரல் நுனியெல்லாம் ரத்தம்.

நடந்ததை அக்கா பிறகு மற்றவர்களிடம் சொல்லக் கேட்டேன். சந்து வழியாகத் தண்ணீர் அண்ணாச்சியின் முதுகில் விழத் தொடங்கியதும், அவர் "நீ போயிரு, ஒனக்கு எதுக்கு" என்றாராம். "ஓமக்கு நல்ல புத்தி. உம்மை இங்க விட்டுட்டுப் போனா நான்தான் கொன்னேன்னு ஊரு சொல்லும். காலை இழும்" என்றாராம் அக்கா. அவர் கால் சிக்கியிருந்த சிமென்ட் பலகைக்கு அடியிலிருந்த மண்ணை முதலில் மம்பட்டியால், அது வளைந்ததும் கையால் தோண்டியிருக்கிறார்.

அண்ணாச்சியை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ஓவர்சியர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் சைக்கிளில் லஸ்கர், வியர்த்து வழிய. கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "ஆளைக் கொல்லப் பாத்தியா?" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். லஸ்கர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாரோ கொண்டுவந்து கொடுத்த சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். லஸ்கர் நிரந்தர ஊழியர், அவருக்குச் சங்கம் உண்டு, அவர் சமாளித்துக்கொள்வார் என்றுகூட யோசித்தேன். இரண்டாவது ஆளும் அவர் மேல் கை வைத்தபோதுதான் வாய் திறந்தது.

"அவரு மேல தப்பில்ல. பன்னிரண்டு மணின்னு நான்தான் சொன்னேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஓவர்சியர் மலையாளத்தில் மெதுவாக, "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அக்கா என் முன்னால் வந்து நின்றார், சேறு காய்ந்துகொண்டிருந்த முகத்தோடு.

"படிச்ச பிள்ளை இல்லியா நீ?" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை கரமனையில் பஸ் ஏறும்போது, கூடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பினேன். இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். ஆனால் பதினாறு பேர் வந்திருந்தார்கள். அக்காவும் வந்திருந்தார், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு. தரையில் வரைந்த கால்வாய் பாதி கலைந்து அப்படியே கிடந்தது. நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. அவர்களே பேசினார்கள்.

சாக்கு போட்டு அடைத்தது யாருமில்லை, கூரைதான் இடிந்தது என்பது தெரிந்துவிட்டதால் பாதிச் சண்டைக்கு வழியில்லாமல் போயிருந்தது. மீதிச் சண்டைக்குச் சுவரில் கண்டுபிடித்த அந்தத் துணி சொருகிய ஓட்டை போதுமானதாக இருந்தது. ஆனாலும் மத்தியானத்துக்குள் ஒரு தீர்மானம் எழுதினார்கள். கால்வாய்க்குள் ஆள் இறங்கினால் ஷட்டர் சக்கரத்துக்குச் சங்கிலி போட வேண்டும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி லஸ்கரிடம், இன்னொன்று இறங்குகிற ஆளின் இடுப்பில். கடைசி ஆள் கரையேறி, தலை எண்ணி முடித்து, அந்தச் சாவி நேரில் வந்தால்தான் திறக்கலாம். போனில் சொன்னால் செல்லாது.

"ஆரு சொன்னாலும் செல்லாது" என்று அக்கா சேர்த்து எழுதச் சொன்னார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த பயிற்சிகளுக்கு விதுரா பக்கம் அனுப்பினார்கள். மழைக்கு முன்னால் சுரங்கத்தைச் சுத்தம் செய்து கூரையைக் கட்டினார்கள். கடைப்பகுதிக்கு அந்த வருஷம் முறைத் தண்ணீர் போனது, முழுதாக இல்லாவிட்டாலும். இதையெல்லாம் ஓவர்சியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வர இரண்டு மாதம் ஆயிற்று.

போனது அண்ணாச்சி வீட்டுக்கு. கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். அவர் மனைவி வாசலில் வந்து யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் இறுகியது. வா என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து அண்ணாச்சிதான், "ஆரு, பயிற்சிக்கு வந்த பிள்ளையா? கேறி வா" என்றார். காலைக் கட்டிலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

வாங்கிப் போன ஆரஞ்சை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வந்த வாக்கியங்களை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டு. ஒனக்கு ஒறக்கம் வருதா?"

"இல்ல அண்ணாச்சி."

"எனக்கும் இல்ல" என்றார். "கண்ணை மூடினா முதுகுல வெள்ளம் விழுது. எந்திரிச்சுத் தொட்டுப் பாத்தா வேர்வை."

கதவடியில் அசைவு தெரிந்தது. அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லியே நிங்க" என்றார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்து எழுந்தேன். அண்ணாச்சி, இரு என்றார். சிறிது நேரத்தில் மூன்று டம்ளரில் பால் விடாத கட்டஞ்சாயாவோடு அந்த அம்மா திரும்பி வந்தார். எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க என்ன நடந்துதுன்னு எனக்கு ஆரும் ஒழுங்காச் சொல்லல்ல. நீ சொல்லு பிள்ளே" என்றார்.

சொன்னேன். சந்தில் முகத்தை வைத்துக் கத்திய இடம் வரைக்கும் வந்தேன். அதோடு நிறுத்தினேன். டம்ளரைக் கீழே வைத்தேன். மீதியை அண்ணாச்சி சொன்னார், மனைவி முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒன்றையும் விடாமல்.